ஊரில் கட்டடம் இல்லை, ஆனாலும் தூதரகம் உண்டு

அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி நிற்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தைப் பார்க்காத சென்னைவாசிகள் குறைவு. உள்ளே போகாதவர்கள்கூட, கையில் ஃபைலோடு வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பார்கள். அதனாலேயே நம்மில் பலருக்குத் தூதரகம் என்றால் விசா கொடுக்கும் இடம் என்ற எண்ணம்தான் மனதில் நிற்கிறது. உண்மையில் அது தூதரகத்தின் வேலைகளில் ஒன்று மட்டுமே. துணைத் தூதரகங்கள் என்ன செய்ய வேண்டும் என்று 1963-இல் வியன்னாவில் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதின. அதன் ஐந்தாவது பிரிவில் வேலைகளின் பட்டியல் இருக்கிறது. தன் நாட்டு மக்களின் நலனைக் காப்பது முதலில் வருகிறது. வணிகம், பொருளாதாரம், பண்பாடு, அறிவியல் ஆகியவற்றில் உறவை வளர்ப்பது இரண்டாவது. அந்த ஊரின் நிலவரத்தை அறிந்து தன் அரசுக்குச் சொல்வது மூன்றாவது. பாஸ்போர்ட்டும் விசாவும் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. ஒரு நாடு இன்னொரு நாட்டில் உள்ள ஒரு வட்டாரத்து மக்களோடு பழக நினைக்கிறது. அங்கே கட்டடம் கட்டவோ ஆட்களைக் குடியமர்த்தவோ முடியவில்லை. அப்போது இணையத்தின் வழியாக அந்த ஊருக்கென்றே ஒரு தூதரகத்தை நடத்த முடியுமா? முடியும் என்று சில நாடுகள் செய்து பார்த்திருக்கின்றன. இதை இணையத் தூதரகம் என்றும் மெய்நிகர் தூதரகம் என்றும் சொல்கிறார்கள்.

முதலில், எதற்கு இப்படி ஒரு யோசனை வந்தது என்று பார்ப்போம். தூதரகம் நடத்துவது செலவு பிடித்த காரியம். நிலம், பாதுகாப்பு, அதிகாரிகளின் குடும்பங்களுக்கு வீடு, பள்ளி என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். அதனால் தூதரகங்கள் தலைநகரிலும் இரண்டு மூன்று பெருநகரங்களிலும் மட்டும் இருக்கும். மக்களோ எங்கும் பரவிக் கிடக்கிறார்கள். 2006 ஜனவரியில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ், வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது இந்த இடைவெளியை வெளிப்படையாகச் சொன்னார். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் ஏறத்தாழ 200 நகரங்களில் அமெரிக்காவுக்கு அலுவலகமே இல்லை என்றார். 8 கோடிப் பேர் வாழும் ஜெர்மனியிலும் 100 கோடிப் பேர் வாழும் இந்தியாவிலும் அவருடைய துறை ஏறத்தாழ ஒரே அளவு ஆட்களைத்தான் வைத்திருந்தது என்பதையும் அதே உரையில் குறிப்பிட்டார்.

அந்த 200 நகரங்கள் என்ற கணக்கு நமக்குத் தொலைவில் உள்ளது அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சென்னையைத் தவிர தமிழ்நாட்டில் மூன்று நகரங்கள், சுற்றுப் பகுதிகளையும் சேர்த்தால், பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தன: கோயம்புத்தூர், மதுரை, திருச்சி. கோவை இருபது லட்சத்தையும் தாண்டியிருந்தது. மூன்றில் எதிலும் அமெரிக்கத் துணைத் தூதரகம் இல்லை. கோவையை ஒட்டிய திருப்பூரின் பின்னலாடை கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. ஆனால் அந்த நாடுகளின் அதிகாரியைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்.

இணையத்துக்கு முன்பே இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். 1990-களில் செலவைக் குறைப்பதற்காக பிரான்சின் பிராந்திய நகரங்களில் இருந்த சில துணைத் தூதரகங்களை அமெரிக்கா மூடியது. அப்போது பாரிசில் தூதராக இருந்த ஃபெலிக்ஸ் ரோஹட்டின், அந்த நகரங்களை அப்படியே கைவிடுவது தவறு என்று நினைத்தார். முழு அலுவலகத்துக்குப் பதிலாக ஒரே ஓர் அமெரிக்க அதிகாரி, கூட ஓரிரண்டு உள்ளூர் ஊழியர்கள், சின்ன அறை என்று லியோனில் தொடங்கினார். அப்புறம் லில், ரென், துலூஸ், போர்தோ நகரங்களுக்கும் அது போனது. அந்த அதிகாரி விசா மேசையில் உட்காரவில்லை. மேயரைப் பார்த்தார், தொழிலதிபர்களோடு பேசினார், கல்லூரிகளுக்குப் போனார், ஊர்ப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்.

அடுத்த படி ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. யூரல் மலைப் பகுதியில் உள்ள யெகாதெரின்பர்க் நகரத்தில் அப்போது இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் எல்லை மிகப் பெரியது. மேற்கு சைபீரியாவும் அதில் அடங்கியிருந்தது. அங்கே இருந்த சில அதிகாரிகளால் எல்லா ஊருக்கும் போய் வர முடியாது. அதனால் 2000-களின் தொடக்கத்தில் அவர்கள், சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செல்யாபின்ஸ்க் போன்ற நகரங்களுக்கென்று தனித்தனி இணையதளம் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெயரிலேயே தளம், அந்த ஊர் மக்களின் மொழியில் செய்தி, அந்த ஊரில் நடக்கப்போகும் நிகழ்ச்சிகள், பதில் சொல்ல ஒரு பொறுப்பாளர். வாஷிங்டனில் இருந்த மின்னணுத் தூதுறவுப் பிரிவு இந்த முறையை மற்ற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையத் தூதரகம் என்ற பெயரைக் கேட்டதும், அது ஓர் இணையதளம் என்று நினைத்துவிடுகிறோம். நடத்தியவர்கள் அப்படி நினைக்கவில்லை. இணையதளம் அதில் மிகச் சிறிய பகுதி. தூதரகத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் மூன்று நான்கு பேரை ஒரு குழுவாக்கி, “இனிமேல் இந்த ஊர் உங்கள் பொறுப்பு” என்று சொல்வதுதான் தொடக்கம். வணிகப் பிரிவிலிருந்து ஒருவர், பண்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவர், விசா பிரிவிலிருந்து ஒருவர் என்று அந்தக் குழு அமையும். அந்த ஊர் ஆட்கள் யார், என்ன தொழில், எந்தக் கல்லூரி, எந்தப் பத்திரிகை என்று அவர்கள் படிக்க வேண்டும். வருடத்தில் சில முறை நேரில் போக வேண்டும். போகாத நாட்களில் இணையத்தின் வழியாகத் தொடர்பை விடாமல் வைத்திருக்க வேண்டும்.

கிளை இல்லாத ஊருக்கு வாரம் ஒருநாள் வந்து போகும் வங்கி அலுவலரை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அவர் வருவதால்தான் அந்த ஊரில் வங்கி இருப்பதாக மக்கள் உணர்கிறார்கள். மீதி நாட்களில் ஃபோனில் பேசினாலும், அந்த முகத்தோடுதான் பேசுகிறார்கள்.

இந்தக் குழுவுக்குக் கைகொடுப்பவர்கள் பழைய மாணவர்கள். ஒவ்வொரு பெரிய நாடும் பல ஆண்டுகளாக உதவித்தொகை கொடுத்து இங்கிருந்து ஆட்களை அழைத்துப் படிக்க வைக்கிறது, பயிற்சி கொடுக்கிறது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையை இந்தியாவில் நடத்தும் அமைப்பு 1950-இல் தொடங்கியது, அதற்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. அப்படிப் போய் வந்த பேராசிரியரோ பத்திரிகையாளரோ மருத்துவரோ எந்தச் சிறு நகரத்திலும் இருப்பார். ஊருக்குத் திரும்பியதும் பெரும்பாலும் தொடர்பு அறுந்துவிடும். இணையத் தூதரகத்தின் முதல் நல்ல காரியம், இவர்களைத் தேடிப் பிடித்து ஒன்று சேர்ப்பது. ஊருக்குப் புதிதாக வரும் அதிகாரியை அழைத்துப் போய், “இவர் சொல்வதைக் கேளுங்கள்” என்று அறிமுகம் செய்ய உள்ளூரில் ஒருவர் வேண்டும். அந்த நம்பிக்கையைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

இன்னொரு பகுதி கேள்வி பதில். கல்லூரி நூலகத்தில் முப்பது மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், திரையில் தூதரக அதிகாரி வருகிறார், ஒரு மணி நேரம் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார். இன்று இது நமக்குச் சாதாரணம். கொரோனாவுக்குப் பிறகு ஜூமில் பேசாத கல்லூரியே இல்லை. 2005 வாக்கில் இது புதுமை. ஆனால் புதுமை போன பின்பும் இதன் பயன் குறையவில்லை. பெருநகரத்து மாணவருக்கு ஆலோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். திருநெல்வேலியில் படிக்கும், வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய திறப்பு. கன்சல்டன்ட் ஒருவருக்கு லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன்னால், எது இலவசமாகக் கிடைக்கும் தகவல் என்று அவர் தெரிந்துகொள்வார்.

நம் சென்னைக்கும் இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. 2000-களின் பிற்பாதியில் பெங்களூருக்கென்று ஓர் இணையத் துணைத் தூதரகத்தை அமெரிக்கா தொடங்கியது. அதை நடத்தியது சென்னைத் துணைத் தூதரகம். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளாவோடு கர்நாடகாவும் அப்போது சென்னையின் எல்லைக்குள்தான் இருந்தது. அமெரிக்க மென்பொருள் நிறுவனங்கள் பெங்களூரில் குவிந்திருந்தன, ஆனால் விசா நேர்காணலுக்கு அந்த ஊர்ப் பொறியாளர்கள் ராத்திரி பஸ் பிடித்து ஜெமினிக்கு வந்தார்கள். இணையத் தூதரகம் அந்தப் பயணத்தை நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. அந்த ஊருக்கு என்று தனியாகப் பேசும் ஓர் இடத்தை மட்டும் அது கொடுத்தது. 2025 ஜனவரி 17-ஆம் தேதி பெங்களூரில் உண்மையான அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. அப்போதும் விசா சேவை அங்கே உடனே தொடங்கவில்லை. உறவு வளர்க்கும் வேலைதான் முதலில் வந்தது. வியன்னா ஒப்பந்தத்தின் வரிசைப்படிதான் நடந்திருக்கிறது என்று சொல்லலாம்.

இதே போன்ற இன்னொரு கதை இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. சீஷெல்ஸ் தீவு நாட்டில் இருந்த அமெரிக்கத் தூதரகம் 1996-இல் மூடப்பட்டது. மொரீஷியசில் இருந்த அதிகாரிகள் கடல் தாண்டி அந்த நாட்டையும் பார்த்துக்கொண்டார்கள், இணையத் தூதரகம் ஒன்றையும் நடத்தினார்கள். 2023-இல் சீஷெல்சில் தூதரகம் மறுபடி திறந்தது. இணையத் தூதரகம் இருந்ததால்தான் கட்டடம் வந்தது என்று நான் சொல்லவில்லை. கட்டடம் வருவதற்கு வணிகம், பாதுகாப்பு, அரசியல் என்று வேறு காரணங்கள் உண்டு. இடைப்பட்ட காலத்தில் பழக்கம் முற்றாக விட்டுப்போகாமல் இருந்தது என்பது மட்டும் உறுதி. தூதுறவில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆபத்தான இடங்களுக்கும் இதே வழியைக் கையாண்டார்கள். சோமாலியாவில் 1991 ஜனவரியில் அமெரிக்கத் தூதரகம் மூடப்பட்டது. பிற்பாடு பல ஆண்டுகள் பக்கத்து நாடான கென்யாவின் தலைநகர் நைரோபியில் இருந்தபடியே சோமாலியர்களோடு பேச வேண்டியிருந்தது. காசாவுக்கும் ஓர் இணையத் தூதரகம் இருந்தது. இப்படிப்பட்ட இடங்களில் அதிகாரி நேரில் போகும் பகுதி கழிந்துவிடுகிறது. இணையம் மட்டுமே மிஞ்சுகிறது. அதனால் உறவும் அந்த அளவுக்குப் பலவீனமாகத்தான் இருக்கும்.

ஈரான் கதை முற்றிலும் வேறு. அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் 1980-இலிருந்து தூதுறவு கிடையாது. டெஹ்ரானில் அமெரிக்காவின் நலன்களைச் சுவிட்சர்லாந்துத் தூதரகம்தான் கவனிக்கிறது. 2011 டிசம்பர் 6-ஆம் தேதி, ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் டெஹ்ரானுக்கான மெய்நிகர் தூதரகத்தை அமெரிக்கா இணையத்தில் திறந்தது. உடனடியாக ஈரான் அரசு தன் நாட்டுக்குள் அதை முடக்கிவிட்டது. இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெங்களூருக்கான தளம், இந்திய அரசோடு நல்லுறவு இருக்கும்போது, அந்த உறவின் ஒரு கிளையாக வந்தது. டெஹ்ரானுக்கான தளம், அரசைத் தாண்டி மக்களோடு நேராகப் பேச வந்தது. முதலாவது விருந்தாளி. இரண்டாவதை அந்த அரசு ஊடுருவலாகப் பார்த்தது. தொழில்நுட்பம் ஒன்றுதான், அரசியல் வேறு. ஒரு நாட்டின் ஒப்புதல் இல்லாமல் அதன் மக்களோடு பேசும் தளத்தை நல்லெண்ணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதை நடத்தும் நாட்டின் நலனும் அதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே படிக்க வேண்டும்.

2007-இல் இதற்கு ஒரு விளையாட்டான வடிவமும் வந்தது. செகண்ட் லைஃப் என்ற கணினி உலகத்தில் மக்கள் தங்களுக்கென ஓர் உருவம் வைத்துக்கொண்டு நடமாடினார்கள். அதற்குள் முதலில் மாலத்தீவும், அடுத்து சுவீடனும், அந்த வருடக் கடைசியில் எஸ்தோனியாவும் தூதரகம் திறந்தன. நமக்குப் பக்கத்தில் உள்ள, சில லட்சம் மக்களே வாழும் மாலத்தீவு இதில் முந்திக்கொண்டது. பல நாடுகளில் தூதரகம் வைக்கும் வசதி அந்தச் சிறு நாட்டுக்கு இல்லை என்பதை நினைத்தால் காரணம் புரியும். ஆனால் அந்த உலகத்தில் கூட்டம் குறைந்ததும் தூதரகங்களும் வெறிச்சோடின. 2021-இல் கரீபியத் தீவு நாடான பார்படோஸ், மெட்டாவெர்ஸ் எனப்படும் அதே போன்ற கணினி உலகத்தில் தூதரகம் வைக்கப்போவதாக அறிவித்தது. என் பார்வையில் இவை எல்லாம் பெயர் வாங்கித் தந்தன, உறவு வளர்க்கவில்லை. காரணம் எளிது. இவற்றில் எந்த ஊர் மக்களோடு பழகப்போகிறோம் என்ற கேள்வியே இல்லை. செல்யாபின்ஸ்க் மக்களுக்கு என்று தொடங்கிய தளத்தில் அது இருந்தது.

சரி, இணையத் தூதரகத்தால் செய்ய முடியாதது என்ன? விசா முத்திரை குத்த முடியாது. பாஸ்போர்ட் தொலைந்தால் அவசரப் பயண ஆவணம் கொடுக்க முடியாது. சிறையில் இருக்கும் தன் நாட்டவரை நேரில் பார்க்க முடியாது. வியன்னா ஒப்பந்தங்கள் தூதரக வளாகத்துக்குக் கொடுக்கும் பாதுகாப்பு, அதாவது அனுமதியின்றி உள்ளூர் போலீஸ் உள்ளே நுழையக்கூடாது என்பது போன்றவை, இணையதளத்துக்குப் பொருந்தா. இதனால்தான் அமெரிக்காவே டெஹ்ரான் தளத்தில், இது முறையான தூதரகம் அல்ல என்று தெளிவாக எழுதியது.

இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இணையத்தில் தூதரகம் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். விசா வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் ஏராளம். கொடியும் முத்திரையும் அச்சு அசலாக இருக்கும். நம் ஊர்களில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்கள் உண்டு. அமெரிக்க அரசின் தளங்களின் முகவரி டாட் கவ் (.gov) என்று முடியும். விசா கட்டணம் எங்கே கட்ட வேண்டும் என்பதை அந்தத் தளத்திலிருந்து தொடங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும், வாட்ஸப்பில் வந்த இணைப்பிலிருந்து அல்ல. மற்ற நாடுகளுக்கும் இதே முறைதான்: அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் தொடங்கி, அங்கிருந்து சென்னை அலுவலகத்தின் பக்கத்துக்கு வாருங்கள்.

ஃபேஸ்புக்கும் யூடியூபும் எல்லாருடைய கையிலும் வந்த பிறகு, ஊருக்கு ஒரு தனித் தளம் என்ற வடிவம் பின்னுக்குப் போய்விட்டது. தூதரகங்கள் ஒரே பக்கத்தில் எல்லாருக்கும் பேச ஆரம்பித்தன. செலவு குறைந்தது, பார்ப்பவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் நான் இதில் ஓர் இழப்பைப் பார்க்கிறேன். தென்னிந்தியா முழுவதற்கும் ஒரே பக்கம் என்றால், அதில் மதுரை எங்கே இருக்கிறது? பொங்கல் வாழ்த்து ஒரு படம், ஓணம் வாழ்த்து ஒரு படம் என்று போய்விடும். ஒரு வட்டாரத்தின் குறிப்பிட்ட கவலைக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. “மதுரை உங்கள் பொறுப்பு” என்று ஒரு குழுவிடம் சொல்லும்போது கிடைக்கும் கவனம், பின்தொடர்வோர் எண்ணிக்கையில் கிடைக்காது.

இதை மறுபுறமாகவும் யோசிக்கலாம். இந்தியாவும் வெளிநாடுகளில் இதைச் செய்யலாமே? இலங்கையை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. மலையகத் தமிழர்களுக்குக் கண்டியில் ஓர் அலுவலகம் உண்டு. 2010-இல் யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம் திறந்தார்கள். மட்டக்களப்பில் அப்படி ஒன்று இல்லை. கொழும்பிலிருந்து சாலை வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். இந்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா, உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது, சென்னையில் சிகிச்சைக்கு எந்த விசா என்று அங்கே கேட்பவர்கள் நிறைய. மட்டக்களப்புக்கென்று தமிழில் ஒரு தளம், மாதம் ஒரு நேரலைக் கேள்வி பதில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வரும் அதிகாரி, இந்தியாவில் படித்துத் திரும்பியவர்களின் சங்கம் என்று அமைத்தால் பெரிய செலவு ஆகாது. இது என் ஆசை. இதைத் தமிழ்நாடு அரசு தானாகச் செய்ய முடியாது. அரசமைப்புச் சட்டத்தில் வெளியுறவும் தூதுறவும் ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கின்றன. அயலகத் தமிழர்களுக்கென மாநில அரசு நலத்துறை நடத்தலாம், ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடலாம். தூதரகம் டெல்லியின் வேலை. வெளியுறவு அமைச்சகத்துக்குச் சென்னையில் ஒரு கிளைச் செயலகம் இருப்பதால், இந்தக் கோரிக்கையைக் கொடுக்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

நம் ஊர்களுக்கு வெளிநாட்டுத் தூதரகங்களை வரவழைப்பதற்கும் வழி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. பெரிய துணைத் தூதரகங்களில் மக்கள் தொடர்பையும் பண்பாட்டையும் கவனிக்கும் பிரிவு ஒன்று இருக்கும். கல்லூரி, தொழில் வர்த்தக சபை, நூலகம், ஊர்ப் பத்திரிகை என்று எதன் பெயரிலும் அதற்கு எழுதலாம். “உங்கள் அதிகாரியை அனுப்புங்கள்” என்று பொதுவாக எழுதினால் பதில் வருவது கடினம். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் இருபது பேர், அமெரிக்க இறக்குமதி விதிகள் பற்றி இந்தப் பத்துக் கேள்விகள், முதலில் ஒரு மணி நேரம் இணையத்தில், பிறகு ஒருநாள் நேரில், தமிழில் மொழிபெயர்க்க ஆள் நாங்களே தருகிறோம் என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கடிதத்தைப் படிப்பவருக்கு வேலை பாதி முடிந்திருக்கும். வந்து போன பின்பு அடுத்த தேதியையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அதிகாரிகள் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்கள். புதிதாக வருபவரின் மேசையில் உங்கள் ஊரின் பெயர் ஏற்கெனவே தேதியோடு இருந்தால், அவர் அதைத் தொடர்வார்.